முதலில் பஸ் நேரம், அப்புறம் பாட நேரம்: சேலத்தில் முதலாம் ஆண்டு சேருபவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு வரை உங்கள் நேரத்தை வேறு யாராவதுதான் பார்த்துக்கொண்டார்கள். பள்ளியில் மணி அடித்தார்கள், ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்கள், வாரத்துக்கு ரெண்டு டெஸ்ட் நடத்தினார்கள். வீட்டில் எழுப்பிவிட்டார்கள். கல்லூரிக்கு வந்ததும் இதெல்லாம் ஒரே நாளில் நின்றுபோகிறது. படித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. சேர்ந்த புதிதில் அது சுகமாகத்தான் இருக்கும். முதல் இன்டர்னல் (கல்லூரியே நடத்தும் இடைத்தேர்வு) தேதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

அந்த நேரத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஒரு டைம் டேபிள் போடுவது. நாலு மணிக்கு எழுவது, ஆறு வரை கணக்கு, மாலை ஆறு முதல் பத்து வரை மீதிப் பாடம். கலர் பேனாவில் கோடு போட்டு சுவரில் ஒட்டுவார்கள். ஒரு வாரம்கூடத் தாங்காது. இதற்குச் சோம்பல் காரணமில்லை. அந்த டைம் டேபிளில் வாழப்பாடி பஸ் இல்லை, வீட்டுத் தறி இல்லை, குழாயில் தண்ணீர் விடும் நாள் இல்லை. தனி அறையும் சமைத்துப் போட ஆளும் இருக்கிற யாரோ ஒருவருக்கான அட்டவணை அது.

சேலத்துக் கல்லூரிகளில் படிப்பவர்களில் பெரும்பங்கு தினமும் வந்துபோகிறவர்கள். ஓமலூர், தாரமங்கலம், வாழப்பாடி, ஆத்தூர், சங்ககிரி, ஏற்காடு என்று சுற்றுவட்டம் முழுக்க இருந்து வருகிறார்கள். அவர்களுடைய நாளில் நகர்த்த முடியாத ஆணிகள் பல இருக்கின்றன. அந்த ஆணிகளை முதலில் அடித்துவிட்டு, நடுவில் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் சரியான வரிசை. ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. அதற்குத் தனியாக வருகிறேன்.

முதல் வேலை: ஒரு வாரம் சும்மா எழுதுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல இருங்கள். ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில், என்ன செய்தீர்கள் என்பதை நேரத்தோடு எழுதிக்கொண்டே வாருங்கள். மணிக்கு மணி எழுதத் தேவையில்லை, வேலை மாறும்போது எழுதினால் போதும். இப்படி இருக்கும்:

"5.50 எழுந்தேன். 6.10 தண்ணீர் பிடித்தேன். 6.40 குளியல், சாப்பாடு. 7.15 ஸ்டாப். 7.35 பஸ் வந்தது, நின்றுகொண்டே வந்தேன். 8.40 புது பஸ் ஸ்டாண்ட். 8.55 டவுன் பஸ். 9.20 காலேஜ்."

இந்தச் சின்னத் துண்டிலேயே இரண்டு விஷயம் தெரிகிறது. ஸ்டாப்பில் இருபது நிமிடம், பஸ் மாறுவதற்குப் பதினைந்து நிமிடம் போயிருக்கிறது. யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை. "ஒரு மணி நேரப் பயணம்" என்றுதான் சொல்வோம். எழுதினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும்.

போன் பார்த்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். போனிலேயே செட்டிங்ஸில் எந்த ஆப் எவ்வளவு நேரம் என்று காட்டும் பக்கம் உண்டு. வார இறுதியில் அந்த எண்ணைப் பார்த்து நோட்டில் ஏற்றினால் போதும்.

இரண்டாவது: மிச்சத்தைக் கணக்குப் போடுங்கள்

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். தூக்கம் நாளுக்கு ஏழரை வீதம் 52½. இதில் கை வைக்காதீர்கள், ஏழு மணிக்குக் கீழே போனால் முதல் பீரியடிலேயே தலை தொங்கும். கல்லூரி ஐந்து நாளுக்கு ஆறு மணி வீதம் 30. போகவரப் பயணமும் காத்திருப்பும் மூன்று மணி வீதம் 15. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை எல்லாம் சேர்த்து நாளுக்கு நாலு, அது 28. மொத்தம் 125½. மிச்சம் 42½.

நாற்பத்திரண்டா என்று ஆச்சரியமாக இருக்கும். அவ்வளவும் படிக்கக் கிடைக்காது. உறவினர் வருவார்கள், காய்ச்சல் வரும், நண்பனோடு தட்டுவடை செட் சாப்பிடப் போவீர்கள். போகவும் வேண்டும். பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இருபது மணி நேரம், ஒழுங்காகப் பயன்படுத்தினால், எந்த முதலாம் ஆண்டுப் பாடத்துக்கும் தாராளம். உங்கள் கணக்கில் பத்துதான் வந்தால் பத்துக்குத் திட்டம் போடுங்கள். பத்து மணி நேரக்காரர் முப்பது மணி நேரத் திட்டம் போடுவதுதான் சுவரில் ஒட்டிய டைம் டேபிள் கிழிவதற்குக் காரணம்.

மூன்றாவது: பஸ்ஸை முடிவு செய்யுங்கள்

எந்தப் பஸ்ஸில் போவது என்பதை விடவும் எந்தப் பஸ்ஸில் திரும்புவது என்பது முக்கியம். காலையில் எப்படியும் ஓடிப் பிடித்துவிடுவோம். மாலையில்தான் "அடுத்த பஸ்ஸில் போகலாம்" என்று கேன்டீனில் உட்கார்வோம். அந்த அடுத்த பஸ் அரை மணி, முக்கால் மணி கழித்து வரும், அதுவும் கூட்டமாக. திரும்பும் பஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைக் கடைசி பீரியட் மாதிரி நடத்துங்கள்.

தனியார் பஸ்களுக்கு ஸ்டாண்டில் எடுக்கும் நேரம் நிமிடக் கணக்கில் இருக்கும். முன்னால் போகும் வண்டியோடு போட்டி. அதனால் கண்டக்டருக்கு அந்த நேரம் மனப்பாடம். "அண்ணா, சாயங்காலம் ஸ்டாண்டுல எத்தனை மணிக்கு எடுப்பீங்க?" என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொண்டால் செமஸ்டர் முழுக்க உதவும். அதற்கு முந்தின வண்டி, பிந்தின வண்டி இரண்டின் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தையும் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மாணவிகளுக்கு ஒரு விஷயம். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல வசதி, பயன்படுத்துங்கள். ஆனால் பரீட்சை வாரத்தில், கட்டணமில்லாத வண்டிக்காக அரை மணி நேரம் ஸ்டாப்பில் நிற்பதா, காசு கொடுத்து முதலில் வரும் வண்டியில் ஏறுவதா என்பதை அன்றன்றைக்கு யோசித்து முடிவெடுங்கள். கையில் காசு இல்லாத நாளில் காத்திருப்பதில் தவறொன்றும் இல்லை. காத்திருக்கும் அந்த அரை மணிக்கும் ஒரு வேலை உண்டு.

பஸ்ஸில் என்ன படிப்பது

பலரும் பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வருவார்கள். நின்றுகொண்டு வந்தால் அதுவும் முடியாது. ஏற்காடு ரோட்டில் புத்தகம் திறப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவில் எழுத்து ஆடும், ஏழாவதில் வாந்தி வரும்.

பஸ்ஸுக்கு ஏற்ற வேலை புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு செய்வது. நேற்று நடத்திய பாடத்தில் என்னென்ன இருந்தது என்று மனதில் ஓட்டிப் பார்ப்பது. அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்தினார்கள். நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, மாதக் கணக்கில் கழித்து வருகிறது.

செய்யும் முறை எளிது. காலையில் கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து கேள்வி எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "தெர்மோடைனமிக்ஸ் இரண்டாம் விதி என்ன சொல்கிறது? ஜர்னலுக்கும் லெட்ஜருக்கும் என்ன வித்தியாசம்? சிலப்பதிகாரத்தின் மூன்று காண்டம் எவை?" இப்படி. பஸ் ஏறியதும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது போல மனதுக்குள் முழுதாகச் சொல்லிப் பாருங்கள். தடுக்கி நிற்கும் இடத்தில் சீட்டில் ஒரு புள்ளி. கல்லூரிக்குப் போனதும் முதல் வேலை, அந்தப் புள்ளி வைத்த இடத்தை மட்டும் புத்தகத்தில் பார்ப்பது. பத்து நிமிடம் போதும். ஒரே பஸ்ஸில் வகுப்புத் தோழி வந்தால் இன்னும் நல்லது. ஆளுக்கொரு கேள்வி கேட்டுக்கொண்டு வந்தால் உடையாப்பட்டி வருவதே தெரியாது.

மலைப்பாதைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: உங்கள் குரலிலேயே சூத்திரங்களையும் வரையறைகளையும் போனில் பதிவு செய்து கேளுங்கள். கேள்வியைப் பேசிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா விட்டு, அப்புறம் பதிலைப் பேசிப் பதியுங்கள். அந்த இடைவெளியில்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இதே பதிவு தறி வீட்டுப் பிள்ளைகளுக்கும் கைகொடுக்கும். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே "கண்ணு, இந்த ரெண்டு தார் மட்டும் சுத்திக் கொடுத்துட்டுப் போ" என்று குரல் வரும் (தார் என்பது தறிக்கான ஊடை நூல் சுற்றிய குச்சி). கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீடுகளிலும் இதே கதைதான். முடியாது என்று சொல்லச் சொல்லும் வழிகாட்டிகளை நான் நம்புவதில்லை. அந்த வேலையில்தான் உங்கள் பீஸ் கட்டப்படுகிறது. ஆனால் வீட்டில் ஒரு பேச்சு பேசலாம்: எந்த ஒரு மணி நேரம் உங்களைக் கூப்பிடக் கூடாது என்று. "எப்பவும் படிக்கணும்" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். "எட்டிலிருந்து ஒன்பது மட்டும் கூப்பிடாதீங்கம்மா, அதுக்கு முன்னாடி சுத்திக் கொடுத்துடறேன்" என்றால் பெரும்பாலான அம்மாக்கள் ஒப்புக்கொள்வார்கள். அந்த நேரத்தில் விசைத்தறி ஓடும் வீடு என்றால், கணக்குப் போடுவதையும் படம் வரைவதையும் அந்த மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தில் வாசிப்பதைவிடக் கை வேலை எளிது.

நான்காவது: செமஸ்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஒரு மாதக் காலண்டர் வாங்குங்கள். கல்லூரி கொடுக்கும் அட்டவணையில் உள்ள இன்டர்னல், மாடல், செய்முறைத் தேர்வு, செமஸ்டர் தேதிகளைச் சிவப்பில் குறியுங்கள். அப்புறம் நம் ஊருக்கே உரியவற்றைக் குறியுங்கள். முதல் செமஸ்டர் சூடு பிடிக்கும் முன்பே ஆடி வந்துவிடும். கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கி ஏரியா ஏரியாவாகத் திருவிழா. குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை (அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலம்) நடக்கும் அன்று நகரத்தில் பஸ்ஸெல்லாம் சுற்றிப் போகும், படிப்பும் நடக்காது. அன்று படிப்பேன் என்று எழுதி வைப்பது வீண். வேடிக்கை பார்க்கப் போகும் நாள் என்றே எழுதிவிடுங்கள். தீபாவளி, பொங்கல், வீட்டில் இருக்கும் கல்யாணங்கள், மாதாமாதம் மின்வாரியம் பராமரிப்புக்கு கரன்ட் நிறுத்தும் நாள், எல்லாம் அதில் ஏற வேண்டும். மே மாத ஏற்காடு கோடை விழாவின்போது மலைப்பாதையில் வண்டி நகராது. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை வந்தால் மண் சரிந்து போக்குவரத்தையே நிறுத்திவிடுவதும் உண்டு. மேலேயிருந்து வருகிறவர்கள் எந்த முக்கியமான வேலையையும் கடைசி நாளுக்கு வைக்கக் கூடாது.

ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொள்வோம், முதலாம் ஆண்டில் எல்லோரையும் அலைக்கழிப்பது அதுதான். செய்முறைத் தேர்வு வெள்ளிக்கிழமை என்று வையுங்கள். அன்று எழுதி முடித்த ரெக்கார்டு மட்டும் போதாது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஆசிரியர் கையெழுத்து, இன்டெக்ஸில் தேதி, துறைத்தலைவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் வேண்டும். துறைத்தலைவர் புதன்கிழமை லீவில் இருக்கலாம். செவ்வாய்க்கிழமை வகுப்பே திரண்டு நிற்கும். ஆக, திங்களன்று கையெழுத்து முடிய வேண்டும். அப்படியானால் அதற்கு முந்தின வாரமே எழுதி முடித்திருக்க வேண்டும். ஒரு பரிசோதனை எழுத ஒரு மணி நேரம், பாக்கி பத்து என்றால் பத்து மணி நேரம். உங்கள் வாரக் கணக்கில் பாதி அதற்கே போகும். இப்படிப் பின்னாலிருந்து எண்ணினால், எழுதத் தொடங்க வேண்டிய நாள் ஏற்கனவே கடந்துவிட்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கனடாவில் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னதே 49 நாள்தான். கெட்ட கனவில்கூட நாம் குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம்.

ஐந்தாவது: ஒரு நாளுக்கு மூன்று வேலை

இரவு படுக்கும் முன் நாளைக்கு மூன்று வேலை எழுதுங்கள். அதற்கு மேல் வேண்டாம். "கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும்" என்பது வேலை ஆகாது. "இரண்டாம் யூனிட், பஃபர் கரைசல், மூன்று கணக்கு" என்பதுதான் வேலை. எங்கே உட்கார்ந்து, எத்தனை மணிக்கு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆய்வகமோ கடைசி பீரியடோ இல்லாத நாளில் கல்லூரி நூலகத்திலேயே ஒரு வேலையை முடித்துவிட்டுப் பஸ் ஏறுவது சிறப்பு. வீட்டுக்குப் போனபின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தைவிட அங்கே கிடைக்கும் நாற்பது நிமிடம் கெட்டியானது.

டைமர் வைத்து 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு முறை பிரபலம். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் கடைசியில், தான் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்து உருவாக்கியது. உட்காரவே மனம் வராத நாளில் இது கைகொடுக்கும். இருபத்தைந்தே நிமிடம்தானே என்று தொடங்கிவிடலாம். கணக்குக்கும் புரோகிராமிங்குக்கும் இது போதாது என்பது என் கருத்து. சூடு பிடிக்கும் நேரத்தில் மணி அடித்துவிடும். அவற்றுக்கு 50 நிமிடம் வையுங்கள். போனை டைமராக வைக்காதீர்கள். அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒரு பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்துப் படியுங்கள்.

படித்ததைத் திரும்பப் பார்க்கும் நாளையும் அன்றே குறித்துவிடுங்கள்: மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள், அடுத்த வாரம், அப்புறம் மாதம் கழித்து. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே தன்னையே சோதித்து, புதிதாகப் படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே மறந்துபோகிறது என்று காட்டினார். அதனால் மறுநாள் பார்வை மட்டும் தவறக் கூடாது. பஸ் சீட்டின் ஐந்து கேள்விகளை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஹாஸ்டலில் இருந்தால்

உங்களுக்குப் பஸ் இல்லை, தறி இல்லை. மாலை நாலரையிலிருந்து இரவு வரை வெட்டவெளி. அதுதான் ஆபத்து. ஆணியே இல்லாத நாள் கரைந்துபோகும். நீங்களாகவே இரண்டு ஆணி அடித்துக்கொள்ளுங்கள்: மாலையில் விளையாடி முடித்துக் குளித்ததும் மெஸ் மணி அடிக்கும் வரை ஒன்று, சாப்பிட்டபின் ஒன்றரை மணி நேரம் ஒன்று. அறையில் நாலு பேர் என்றால் அறையில் படிக்க முயலாதீர்கள். ஸ்டடி ஹால், காலி வகுப்பறை, விடுமுறை நாளில் மாவட்ட மைய நூலகம் என்று இடத்தை மாற்றுங்கள்.

சனிக்கிழமை காலையில் "மச்சி, வண்டி இருக்கு, ஏற்காடு போய்ட்டு வந்துடலாம்" என்று எவனாவது கிளப்புவான். கருப்பூர் ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை கண் முன்னால் நிற்கிறது, ஆசை வரத்தான் செய்யும். வர மாட்டேன் என்று மொட்டையாகச் சொன்னால் விட மாட்டார்கள். "இந்த வாரம் இன்டர்னல், இருபதாம் தேதிக்கு அப்புறம் போலாம்" என்று தேதியோடு சொல்லுங்கள், அடங்கிவிடுவார்கள். இருபதுக்கு அப்புறம் போயும் வாருங்கள். ஹெல்மெட்டோடு.

தேர்வு நாளும் மூன்று மணி நேரமும்

தேர்வன்று வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ். ஸ்ட்ரைக், ஊர்வலம், பஞ்சர் எல்லாம் அன்றுதான் வரும்.

பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு, மூன்று மணி நேரம். உங்கள் கல்லூரியில் வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு ஒன்றுதான். 180 நிமிடத்தில் கேள்வி வாசிக்கவும் கடைசியில் சரிபார்க்கவும் 15 நிமிடம் எடுத்து வைத்தால் மீதி 165. அதை 75ஆல் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு 2.2 நிமிடம். பத்து மதிப்பெண் கேள்விக்கு 22 நிமிடம், ஐந்துக்கு 11, இரண்டுக்கு நாலரைக்குள். வீட்டில் பழைய வினாத்தாளை எழுதிப் பார்க்கும்போதே இந்த எல்லைகளை வினாத்தாள் ஓரத்தில் கடிகார நேரமாகக் குறித்துப் பழகுங்கள்.

தெரிந்த கேள்விக்கு நாலு பக்கம் எழுதிவிட்டு, கடைசிப் பத்து மதிப்பெண் கேள்வியைத் தொடாமல் வருகிறவர்கள் ஏராளம். 22 நிமிடம் ஆனதும் பாதியில் இருந்தாலும் கொஞ்சம் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம். ஒரு பதிலின் முதல் பாதிக்கு மதிப்பெண் எளிதில் கிடைக்கும், எழுதாத பதிலுக்கு எதுவும் கிடையாது. கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். கேள்வி எண்கள் சரியாக இருக்கின்றனவா, விட்ட இடங்களை நிரப்பியாயிற்றா, முகப்புப் பக்கத்தில் பதிவெண்ணும் பாடக் குறியீடும் ஹால் டிக்கெட்டில் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தாளைக் கொடுங்கள்.